தேசிங்குராஜன் கூத்தும் நடுவுல பிடிச்ச திரையும்

நாடகம் பார்த்து நான் அழுதது ஒரே தடவைதான். எட்டாவது படிக்கும்போது, செஞ்சிப் பக்கம் அம்மா ஊர்ல, ஆடி மாசத் திருவிழாவுல பார்த்த தேசிங்குராஜன் கூத்து.

அப்பன் சொரூப்சிங் செத்ததும் பையன் செஞ்சிக் கோட்டையில உட்கார்றான். வரிப் பாக்கின்னு சொல்லி ஆற்காட்டு நவாப் சதாத்துல்லாகான் 1714ல படையெடுத்து வர்றார். பத்து மாச ஆட்சி. இதையெல்லாம் கூத்துக் கோமாளி, கட்டியக்காரன், நாலு கேலியிலேயே முடிச்சிட்டான்.

கூத்து நின்னு ஆடுனது, ராஜா ராணிகிட்ட விடை வாங்குற இடத்துல. வேஷம் முதல்ல சபைக்கு வரும்போது ரெண்டு பேர் துணி பிடிப்பாங்க இல்லையா, அதே திரையை மறுபடி கொண்டுவந்து ரெண்டு பேருக்கும் நடுவுல பிடிச்சாங்க. கல்யாணம் ஆகியும் முகம் பார்த்துக்காத ஜோடி. திரைக்கு அந்தப் பக்கமிருந்து வளையல் போட்ட கை மட்டும் வெத்தலையை நீட்டுது. ராணி வேஷம் கட்டுனவருக்கு அம்பது வயசு இருக்கும், கையெல்லாம் முடி. அதுக்குச் சிரிச்ச பசங்க நாங்க, அவர் விருத்தம் இழுக்க இழுக்க அடங்கிப் போனோம். இப்ப விலக்கிடுவான், இப்ப விலக்கிடுவான்னு பார்த்துட்டே இருந்தேன். விலக்கல.

விடியக்காலம், ராணி தீப்பாய்றதுக்கு முன்னாடி, செத்துக் கெடக்குற ராஜாவை மறைச்சிருந்த திரையைக் கீழே விட்டாங்க. அப்பத்தான் அவ அவன் முகத்தைப் பார்க்குறா.

* * *

எங்க ஊர்ல, தேசிங்கோட சிநேகிதன் மோவுத்துக்காரனுக்குத்தான் அழுவாங்க. வழுதாவூர்ல மணவறையில உட்கார்ந்தவன், சிநேகிதன் ஓலை வந்ததும் நீலவேணிக் குதிரை ஏறிப் போயிடுவான். பந்தல்லயே நின்னுபோன அந்தப் பொண்ணுக்கு நான் பார்த்த கூத்துல ஒரு பாட்டுகூட இல்ல. எங்க ஆயா அதுக்கே கூத்து வாத்தியாரைத் திட்டும்.

* * *

கோட்டை பார்க்கப் போனா சிங்கவரமும் போயிட்டு வாங்க. பாறையைக் குடைஞ்ச கோயில், ரங்கநாதர் படுத்திருப்பார். சண்டைக்குப் போக தேசிங்கு உத்தரவு கேட்டப்ப, வேணாம்னு பெருமாள் முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். நானும் உத்துப் பார்த்தேன், திரும்பின மாதிரிதான் இருக்கு!

ஜெயிச்ச நவாபே தீப்பாஞ்ச தேசிங்கு ராணி நினைவா ராணிப்பேட்டைன்னு பேர் வச்சதா சொல்வாங்க. அங்க ஒரு தோல் கம்பெனியில நாலு வருஷம் வேலை பார்த்திருக்கேன். எந்த ராணின்னு ஒரு நாளும் யாரையும் கேட்டதில்ல.