முதியோர் வார்டில் கேட்ட 'கெட்'

ஆங்கிலத்தில் 'கெட்' (get) என்றால் 'பெறு' என்றுதான் பள்ளியில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த ஒரே பொருளை நம்பி இங்கிலாந்துக்குச் செவிலியர் வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறிப்போகிறார்கள். நான் யார்க் பக்கம் ஒரு முதியோர் வார்டில் வேலை பார்க்கிறேன். அங்கே காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பாட்டி இருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று எப்போது கேட்டாலும் "ஐயாம் கெட்டிங் தேர்" என்பார். எங்கேயும் போகவில்லை, மெல்ல மெல்லத் தேறி வருகிறாராம். "கான்ட் கெட் கம்ஃபர்டபிள்" என்றால், எப்படிப் படுத்தாலும் வாகாக இல்லை என்று பொருள். உடனே போய்த் தலையணையைச் சரிசெய்ய வேண்டும். அடுத்த கட்டில் தாத்தா "ஐ டிடின்ட் கெட் தட்" என்றதும், மாத்திரை கொடுக்கவில்லையோ என்று பதறி மருந்துப் பதிவேட்டைப் புரட்டினாள் புதிதாக வந்த பெண். பாவம், அவள் சொன்னது அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: 'கெட்'டைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். 'டயர்ட்', 'பெட்டர்' போல நிலையைச் சொல்லும் சொல் வந்தால் 'ஆவது'. இடம் வந்தால் 'போய்ச் சேர்வது'. "கெட் த டாக்டர்" என்றால் டாக்டரைக் கூட்டி வா. 'டு'வும் ஒரு வினைச்சொல்லும் சேர்ந்தால் பெரும்பாலும் வாய்ப்புக் கிடைப்பது. பேரப்பிள்ளைகளைப் பற்றி "ஐ நெவர் கெட் டு சீ தெம்" என்று ஒருவர் சொன்னால், வேலையை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கம் அது. 'கெட் ஓவர்', 'கெட் பை', 'கெட் ஆன்' போன்றவை மட்டும் இந்த வழிக்குள் அடங்காது. கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இந்தச் சொல்லுக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. டென்மார்க், நார்வே பக்கமிருந்து வந்து 866-இல் யார்க்கைப் பிடித்த வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியிலிருந்துதான் 'கெட்' ஆங்கிலத்துக்கு வந்தது. 'ஃபர்கெட்'டில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதன் உறவுதான்.

மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி (OET) எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பேச்சுத் தேர்வில் நோயாளியுடன் உரையாடும் பகுதிகள் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். அதற்குப் பழகும்போது நோயாளியாக நடிக்கும் தோழியை 'கெட்' போட்டே பேசச் சொல்லுங்கள்.