முதல் கேமை வெளியிட்ட கதை: கல்லட்டி இறக்கமும் ஒரு இனிஷியலும்

கோத்தகிரிக்காரன்:

இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த கேம் ஒருவழியாகப் போன மாதம் ஸ்டீமில் (கணினி கேம் விற்கும் இணையக் கடை) வந்துவிட்டது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக ஒரு மினி பஸ்ஸைத் தெப்பக்காடு வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நடுவில் 36 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான் கேம். கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்தேன். இலவசம் என்பது ஒரு காரணம். முதலில் மூன்றாம் பதிப்பில் ஆரம்பித்தபோது பஸ் போர்டில் 'தெப்பக்காடு' என்று போட்டால் அந்தக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அழகு காட்டியது. நாலாம் பதிப்புக்கு மாறிய பிறகுதான் தமிழ் தமிழாகத் தெரிந்தது.

முதல் கேம் அனுபவத்தைச் சொல்லும் இந்த இழையில் கோடிங் கஷ்டத்தை எல்லோரும் எழுதிவிட்டீர்கள், நான் வெளியிட்ட கஷ்டத்தை மட்டும் சொல்கிறேன். ஸ்டீமுக்குக் கேம் ஒன்றுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், 2017 முதல் இதுதான் நடைமுறை, கேம் 1,000 டாலர் சம்பாதித்தால் அந்த நூறு திரும்பி வரும். பணம் கட்டி 30 நாள் ஆகாமல் வெளியிட முடியாது. இதெல்லாம் முன்பே படித்து வைத்திருந்தேன், பிரச்சினை இல்லை. மாட்டிக்கொண்டது என் பெயரில். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், ஆதாரில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எங்கள் தெருவுக்கே தெரியும், ஆனால் வரிப் படிவத்தில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்புக்கில் பெயர் மாற்ற மூன்று நடை. அப்புறம் வெளிநாட்டுப் பணம் வர வங்கிக்கு இருக்கும் ஸ்விஃப்ட் கோடு கேட்டார்கள், எங்கள் ஊர்க் கிளைக்கு அது கிடையாது, கோவையில் இருக்கும் பெரிய கிளையின் கோடைத்தான் போட வேண்டும் என்று கவுண்டரில் இருந்த அக்கா எங்கெங்கோ போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். வரிப் படிவத்தை அவசரத்தில் நிரப்பாதீர்கள். பான் எண்ணைக் கொடுத்து இந்தியாவுடன் உள்ள வரி ஒப்பந்தத்தைச் சரியாகக் குறித்தால் அமெரிக்க விற்பனையில் வரிப் பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறையும்.

வெளியிடும் முன் ஸ்டீம்காரர்கள் செய்யும் ரிவ்யூவில் முதல் தடவை ஃபெயில். கன்ட்ரோலர் முழுசாக வேலை செய்யும் என்று டிக் போட்டிருந்தேன், பஸ் ஓட்ட வேலை செய்தது, மெனுவுக்கு மவுஸ் வேண்டியிருந்தது. என் தப்புதான். திருத்தி மறுபடி அனுப்பும்போது நல்ல மழை, கரன்ட் இல்லை, லேப்டாப்பில் 20 சதவீதம் சார்ஜ், போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுவிட்டு எவ்வளவு ஏறியது என்று காட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாறிய துண்டுகள் மட்டும்தான் ஏறும் என்பதால் தப்பித்தேன், மொத்தக் கேமும் ஏற வேண்டும் என்றிருந்தால் அன்றைக்கு நடந்திருக்காது.

வெளியான மறுநாளே வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதினார்: எட்டாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை, பக் (கேமில் கோளாறு). இன்னொருவர்: திடீரென்று திரை வெள்ளையாகிறது, பக். அது பனிமூட்டம் ஐயா! பிரேக்கும் பக் இல்லை. மூன்றாவது கியரில் விட்டுவிட்டு வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து பிடிக்காமல் போகும், கேமே அதுதான். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பதற்கும் இதே கதி, எதிரில் லாரி வந்தால் ஏன் எனக்குப் பாயின்ட் குறைகிறது என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், அதனால் எங்கேயும் நான் எழுதியே வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு மாமா முப்பது வருடம் மலை ரூட்டில் பஸ் ஓட்டியவர், ஹாரன் சத்தம் எந்த வளைவில் எப்படி எதிரொலிக்கும் என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இந்தப் புகார்களைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏறுன கியர்லயே இறங்குன்னு ரோட்டுல போர்டு இருக்கேப்பா, உன் கேம்ல அந்த போர்டு எங்க?" ரோட்டை, மரத்தை, குரங்கைக்கூட வைத்திருந்தேன். போர்டை வைக்கவில்லை.

கொடைக்கானல் குளிர்:

எனக்கு டாலர் வேலையே இல்லை, நான் இட்ச் என்ற கேம் தளத்தின் ஆட்களில் ஒருத்தி. அங்கே கட்டணம் கிடையாது, விற்றாலும் அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்று நாமே வைத்துக்கொள்ளலாம். பிரவுசரில் ஓடும் சின்னக் கேம், ஒரு குறிஞ்சிச் செடியை 12 வருடம் காப்பாற்ற வேண்டும். 2018இல் இங்கே பூத்ததைப் பார்த்து வந்த யோசனை. போட்டவுடன் கறுப்புத் திரை. ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன், ஜிப்புக்குள் ஃபைலின் பெயர் இன்டெக்ஸ் என்று இல்லாமல் குறிஞ்சி என்று இருந்தது. அதை மாற்றியும் ஓடவில்லை, இட்ச் பக்கத்தின் அமைப்பில் ஷேர்டு அரே பஃபர் என்று ஒரு டிக் பாக்ஸ், அதையும் போட்ட பிறகுதான் ஓடியது. நானும் கோடோதான், அதில் 4.3 பதிப்பிலிருந்து த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலை ஓட்டும் வசதி) இல்லாமலே பிரவுசருக்கு ஏற்றுமதி செய்யலாம் என்பதால் புதிதாக வருபவர்களுக்கு அந்த டிக் தேவைப்படாது.

எனக்கு வந்த ஒரே விமர்சனம்: 'எட்டு வருடம் விளையாடினேன், பூவே வரவில்லை.'

கூடலூர் டான்டீ லைன்:

நீங்கள் இரண்டு பேரும் பாக்கியசாலிகள். நான் பிளே ஸ்டோர். 25 டாலர் ஒரே தடவைதான் என்று சந்தோஷமாகக் கட்டினேன். தனிநபர் கணக்கைப் புதிதாகத் தொடங்கினால் 12 பேர் 14 நாள் விடாமல் டெஸ்டராக (கேமைச் சோதித்துப் பார்ப்பவராக) இருக்க வேண்டும், அப்புறம்தான் வெளியிடவே விண்ணப்பிக்கலாம். முன்பு 20 பேராம், அதைக் குறைத்த பிறகு வந்ததால் எனக்கு எட்டுப் பேர் மிச்சம்.

அந்த 12 பேருக்கு எங்கள் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டினேன். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஜிமெயில் என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, போன் வாங்கிய கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்ததுதான். சின்னம்மா போனில் தேடினால் அந்தக் கடைப் பையனுடைய சொந்த ஐடியே இருக்கிறது! பதினொன்றாவது நாள் சித்தப்பா ஏதோ ஈமெயில் வந்து பயந்துபோய் டெஸ்ட்டிலிருந்து விலகிவிட்டார், எண்ணிக்கை 11 ஆனது, மறுபடி முதல் நாள். அவரைத் திட்டவும் முடியாது, இலை எடுக்கப் போகும்போதும் பாக்கெட்டில் வைத்து என் கேமை விளையாடிய மனுஷன் அவர் ஒருத்தர்தான்.

காசு வாங்கும் கேம் போடப் போகிறவர்கள் கவனிக்க, தனிநபர் கணக்கில் விற்றால் உங்கள் முழு முகவரியும் ஸ்டோரில் எல்லோர் கண்ணிலும் படும். நான் அதனால்தான் இலவசமாகவே விட்டேன்.

கோத்தகிரிக்காரன்:

@கூடலூர், சொந்தக்காரர்கள் விஷயத்தில் நானும் பட்டேன். ஒன்றுவிட்ட தம்பி, தங்கை, அத்தை பையன் என்று எல்லோருக்கும் இலவசமாகக் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) கொடுத்து விமர்சனம் எழுத வைத்தேன், ஸ்டீமிலேயே வாங்கியவர்கள் எழுதினால்தான் மதிப்பெண்ணில் சேரும் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்து வந்தால்தான் 'நல்ல கேம்' என்ற அந்த வார்த்தையே பக்கத்தில் காட்டும். என்னிடம் இப்போது ஏழு இருக்கிறது.

அப்புறம் ஒன்று, வெளியிட்ட அன்றிலிருந்து கீ கேட்டு தினமும் மெயில் வரும், பெரிய சேனல், லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்று. முதல் மூன்று பேருக்கு நம்பிக் கொடுத்தேன், ஒருத்தரும் வீடியோ போடவில்லை. அந்தச் சேனல் பக்கத்தில் போட்டிருக்கும் ஈமெயிலுக்கு நீங்களாக எழுதிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

போர்டு வரைந்துவிட்டேன், மஞ்சள் நிறத்தில், முதல் வளைவுக்கு முன்னால் இடது பக்கம். மாமாவிடம் காட்டியதற்கு, பனியில் எவனுக்குத் தெரியும், இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு என்றார். இறக்கிக்கொண்டிருக்கிறேன்.