புதுப்பிப்பு: ஐசிப் பற்றி நீங்கள் கேட்டவை

மண்ணிலுள்ள பாக்டீரியாக்களில் சுமார் 99% ஆய்வகத்தின் பெட்ரி தட்டில் வளராது, அவற்றை வளர்க்க அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவா எப்ஸ்டீன் குழு செய்த கையடக்கக் கருவிதான் ஐசிப் என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் தகட்டில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், துளைக்கு ஒரு பாக்டீரியா தனியாக வளரும். பலரும் கேட்டது: துளைக்கு ஒன்று என்று எப்படி எண்ணிப் போடுகிறார்கள்?

எண்ணுவதே இல்லை! மண்கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து, உருகிய அகரில் (ஆறினால் கூழ்போல் உறையும் பொருள்) கலந்து, நூற்றுக்கணக்கான துளைகள் கொண்ட தகட்டை அதில் முக்கி எடுப்பார்கள். துளைக்குள் நிற்கும் துளியில் சராசரியாக ஒரு செல் இருந்தால் போதும். சில துளை காலியாக இருக்கும், சிலவற்றில் இரண்டு இருக்கும், பரவாயில்லை. அப்புறம் இரு பக்கமும் சவ்வு வைத்துத் திருகி இறுக்கி, எடுத்த மண்ணிலேயே புதைத்துவிடுவார்கள். சவ்வின் நுண்துளை 0.03 மைக்ரான்தான். பாக்டீரியா தாண்டாது, ஆனால் சத்தும், அக்கம்பக்கத்து நுண்ணுயிர்கள் விடும் வேதிப்பொருள்களும் தாராளமாக உள்ளே வரும். முழு வித்தையும் இந்தச் சவ்வில்தான் இருக்கிறது என்பேன்.

‘வெளியே எடுத்தால் செத்துவிடாதா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. உள்ளே காலனியாகப் பெருகியபின் பல வகைகள் ஆய்வகத்தின் வளர்ப்பு ஊடகத்திலும் வளரப் பழகிவிடுகின்றன. 2015-ல் அறிவிக்கப்பட்ட டெய்க்ஸோபாக்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தந்த எலெஃப்தேரியா டெர்ரே என்ற பாக்டீரியா, மெய்ன் மாநிலப் புல்வெளி மண்ணிலிருந்து இப்படித்தான் கிடைத்தது.

அந்த மருந்து கடைக்கு வந்துவிட்டதா என்றால், இன்னும் இல்லை. ஆனால் வட கரோலினாவின் மணல் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து, கிளோவிபாக்டின் என்று இன்னொரு ஆன்டிபயாடிக்கும் 2023-ல் அறிவிக்கப்பட்டிருக்கிறது.