பழைய பிக்கப்பில் பி0420 கோடு: கன்வெர்ட்டரை மாற்றித்தான் ஆகணுமா?

பூவண்டி_ஓசூர்

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரிலிருந்து பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றுகிற வண்டி. பெட்ரோல், சி.என்.ஜி. இரண்டிலும் ஓடும் 1200 சிசி பிக்கப், 2018 மாடல், 1,60,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இன்ஜின் லைட் எரிகிறது. கலாசிபாளையம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள், பி0420 என்ற எர்ரர் கோடு வந்தது. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதான் புகையைச் சுத்தம் பண்ற பாகம், போச்சு, புதுசு போட்டா ஐம்பதாயிரத்தைத் தொடும். வேண்டாம்னா உள்ளே இருக்கிறதை உடைச்சு எடுத்துட்டு வெறும் குழாயா மாட்டித் தரேன், லைட்டும் வராம பண்ணிடலாம்" என்கிறார்.

இழுவை குறையவில்லை. மைலேஜ் பழையபடிதான். ஆயில், கூலன்ட் இரண்டும் இறங்கவில்லை. எமிஷன் சர்டிஃபிகேட் சீக்கிரம் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவு பணம் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

ஸ்பேனர்செட்டு

இருக்கிறது அண்ணா. வெறும் குழாய் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். புகையும் நாற்றமும் மார்க்கெட் சந்தில் நிற்கிறவர் மூக்கில்தான் ஏறும், எமிஷன் டெஸ்டிலும் வண்டி மாட்டும். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் பழையதுக்கும் நல்ல விலை உண்டு. பிறகு ஒருவேளை மாற்றும்படி ஆனாலும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பி0420 என்பது "கன்வெர்ட்டர் செத்துவிட்டது" என்ற தீர்ப்பு கிடையாது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் சென்சார் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னது 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அது சரி. பின்னது 0.6, 0.7 பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். ஏனென்றால் உள்ளே இருக்கும் சீரியம் ஆக்சைடு பூச்சு ஆக்ஸிஜனை வாங்கி வைத்துக்கொண்டு தேவைப்படும்போது விடும், அந்த ஏற்ற இறக்கம் அங்கேயே அடங்கிவிடும். பின்னதும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால் ஈ.சி.யு., அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், இந்த எர்ரர் கோடைப் போடும். ஆனால் பின் சென்சார் ஆடுவதற்கு வேறு காரணமும் உண்டு. சைலன்சர் குழாயில் எங்காவது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு சென்சாரை ஏமாற்றும். பெங்களூரு ஹம்ப்ஸில் லோடு வண்டியின் அடிப்பகுதி படும் பாடு உங்களுக்குத் தெரியாததா!

ஜே.சி. ரோட்டில் புளூடூத் ஓ.பி.டி. கருவி கிடைக்கும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற சின்ன ஸ்கேனர்தான் அது. ஸ்டீயரிங் அடியில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் இரண்டு சென்சாரின் கிராஃபையும் ஃபியூவல் டிரிம்மையும் (ஈ.சி.யு. எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள். ஓசூர் ரோட்டில் ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். கன்வெர்ட்டர் வேலை ஆரம்பிப்பதே ஏறக்குறைய 250, 300 டிகிரிக்கு மேல்தான்.

வசந்தி_மாருதிநகர்

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஒரு முறை, 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்து ஒரு முறை, இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலில் மட்டும் பின் சென்சார் ஆடி, ஆர்.பி.எம். ஏற்றியதும் அமைதியானால் கசிவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் குறைந்த வேகத்தில்தான் காற்று உள்ளே இழுபடுவது அதிகம். ஏற்றிய பிறகும் முன்னதோடு சேர்ந்து ஆடினால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வலுக்கும். கேஸ், பெட்ரோல் இரண்டு மோடிலும் பாருங்கள். கேஸ் வண்டியில் பிளக் சீக்கிரம் தேயும். பிளக் பற்றவைக்காமல் மிஸ்ஃபயர் ஆகிவிட்டால், எரியாத எரிபொருள் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். இன்ஜின் லைட் எப்போதாவது மின்னி மின்னி எரிந்தால் அதுதான், உடனே வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள்.

பூவண்டி_ஓசூர்

நன்றி அக்கா, நன்றி தம்பி. இரண்டு மோடிலும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஃபியூவல் டிரிம் +3, +4 சதவீதத்துக்குள். மிஸ்ஃபயர் கோடு எதுவும் இல்லை. ஐடிலில் பின் சென்சார் 0.2-க்கும் 0.7-க்கும் நடுவில் ஆடுகிறது. 2500-ல் பிடித்தால் 0.65 பக்கம் போய் நின்றுவிடுகிறது. கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், உள்ளே எதுவும் கலகலக்கவில்லை.

ஸ்பேனர்செட்டு

அண்ணா, இது கசிவு மாதிரிதான் தெரிகிறது. டிரிம் ஒழுங்காக இருப்பதால் முன் சென்சார் பக்கம் தொந்தரவு இல்லை, கசிந்தால் கன்வெர்ட்டருக்கும் பின் சென்சாருக்கும் நடுவில்தான். காலையில் வண்டி ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, யாரையாவது ஈரத்துணியால் டெயில் பைப்பைச் சில நொடி அடைக்கச் சொல்லுங்கள். கசியும் இடத்தில் 'புஸ்ஸ்' என்று சத்தம் வரும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை கிளம்பும். திறந்த இடத்தில் செய்யுங்கள், கட்டை கொடுக்காமல் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

பூவண்டி_ஓசூர்

கிடைத்துவிட்டது! கன்வெர்ட்டர் முடியும் இடத்தில் இரண்டு போல்ட் போட்ட ஜாயின்ட் இருக்கிறது. ஒரு பக்கம் துரு, இன்னொரு பக்கம் பிளேஞ்ச் (ஜாயின்ட்டின் தட்டையான விளிம்பு) ஓரமாக விசிறி விரித்த மாதிரி கரி படிந்திருக்கிறது. சோப்புத் தண்ணீர் அங்கேதான் கொப்பளித்தது. பேக்கிங்கின் ஒரு ஓரம் பொடிந்து உதிர்ந்திருக்கிறது. சென்சார் அதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது, உடைந்துவிடுமோ என்று பயம்.

ஜாலஹள்ளி_லேத்

முறுக்கி உடைக்காதீர்கள். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊற விடுங்கள், காலையில் மறுபடி ஒருமுறை. அப்புறமும் வரவில்லை என்றால் கேஸ் வெல்டிங்காரரிடம் நட்டைச் சூடாக்கச் சொல்லிக் கழற்றுங்கள், ஆனால் பின் சென்சாரையும் அதன் வயரையும் முதலில் எடுத்துவிட வேண்டும். பிளேஞ்ச் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்கேல் வைத்து நேராக இருக்கிறதா பாருங்கள். வளைந்திருந்தால் புதுப் பேக்கிங்கும் நாலு நாளில் போகும். போல்ட், ஸ்பிரிங் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். சாதாரண சிலிக்கான் பசை மட்டும் தடவாதீர்கள், அந்தச் சூட்டுக்கு அது நிற்காது, சென்சாருக்கும் கெடுதல்.

பூவண்டி_ஓசூர்

பேக்கிங், போல்ட், ஸ்பிரிங் எல்லாம் ஜே.சி. ரோட்டிலேயே கிடைத்தன. கூலியோடு சேர்த்தும் இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. இப்போது ஐடிலிலும் பின் சென்சார் 0.6-க்குக் கீழே இறங்கவில்லை. அந்த எர்ரர் கோடை அழித்துவிட்டேன். இனி சர்டிஃபிகேட் எடுக்கலாமா?

வசந்தி_மாருதிநகர்

இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். கோடு அழித்ததும் ஈ.சி.யு. தன் சோதனைகளை எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆப்பில் "கேட்டலிஸ்ட் மானிட்டர்" (கன்வெர்ட்டரைச் சோதிக்கும் பகுதி) தயார் என்று காட்டும் வரை லைட் வராததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அத்திப்பள்ளி தாண்டி, கால் ஏறி இறங்காமல் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் முடிந்துவிடும். அதில் தேறினால் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சர்டிஃபிகேட்டுக்கும் சூடான வண்டியோடு போங்கள். உங்களுடையது மாதிரி பி.எஸ்.4 மாசு விதியில் வந்த பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.மையும் தாண்டக் கூடாது, ஆர்.பி.எம். ஏற்றிப் பிடிக்கும் அதிக ஐடிலில் லாம்டா (காற்று, எரிபொருள் கலவையின் அளவு) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்தக் கசிவோடு போயிருந்தால் உள்ளே நுழைகிற காற்று லாம்டாவையும் கெடுத்திருக்கும்.

பூவண்டி_ஓசூர்

மானிட்டர் தயார் என்று வந்துவிட்டது, கோடு வரவில்லை. நாளைக்கு லோடு இறக்கிய கையோடு சர்டிஃபிகேட் எடுத்துவிடுகிறேன். அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் போய் கிராஃபைக் காட்டப் போகிறேன், அடுத்து வருகிற வண்டிக்காரருக்காவது உதவும்.