கோவையில் இருக்கும் அத்தையோடு பேச ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். என்னை வளர்த்த அத்தைக்கு 82 வயது. கோவையில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார். நான் நியூ ஜெர்சியில். இங்கே இரவு 9:30 என்றால் அங்கே காலை 7 மணி. காபி குடித்துவிட்டு அவர் நடக்கப் போகும் முன் கிடைக்கும் அரை மணி நேரம்தான் எங்களுக்கு.

இப்போது வாட்ஸ்அப் அழைப்பை எடுக்கவே தடுமாறுகிறார். விரல் நடுங்குகிறது. காதும் மந்தம், என் மகளின் கீச்சுக்குரல் சுத்தமாகக் கேட்பதில்லை. வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் மங்குமாம். பாவம், கேட்டதுபோல் சிரித்துக்கொள்கிறார்.

அவர் எதையும் தொடாமலே இணையும் அமேசானின் எக்கோ ஷோ போன்ற வீடியோ அழைப்புத் திரையை யாராவது வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் ஒழுங்காக இணைகிறதா? அப்புறம், "சாப்பிட்டியா கண்ணு?" என்பதோடு பேச்சு நின்றுவிடாமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?