கான்ஜி கற்பதில் தளரும் ஊக்கம்

கேள்வி:
வணக்கம். ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் இடைநிலையான என்-3இல் தேறிய பின்னும், அன்றாடப் பயன்பாட்டுக்கான ஜோயோ என்னும் அரசுப் பட்டியலில் (2010இல் திருத்தப்பட்டது) உள்ள 2,136 கான்ஜி எனப்படும் சீனவழி எழுத்துகளில் பாதிகூட மனத்தில் உறுதியாக நிற்காததால், சில மாதங்களாகப் பயிற்சியில் நாட்டம் குறைந்துவிட்டது. நெடுங்காலம் கற்றவர்கள் எவ்வாறு தாக்குப்பிடித்தீர்கள்?

பதில் 1:
நண்பரே, நாள் முழுதும் அம்மொழியிலேயே வாழும் ஜப்பானியக் குழந்தைகளே தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026 எழுத்துகளைத்தான் கற்கிறார்கள். ஆங்கி என்னும் நினைவட்டைச் செயலியில் மறுபார்வை அட்டைகள் குவிந்திருந்தால், புதியவற்றைச் சில வாரங்களுக்கு நிறுத்திவையுங்கள்; பலர் கைவிடுவது அந்தக் குவியலைக் கண்டுதான்.

பதில் 2:
தனித்தனி எழுத்தாக மனப்பாடம் செய்வதே சலிப்புக்குக் காரணம் என்பேன். பெரும்பாலானவை பொருளுறுப்பும் ஒலியுறுப்பும் இணைந்தவை: நீலத்தைக் குறிக்கும் எழுத்தோடு நீர் உறுப்புச் சேர்ந்தால் தூய்மை, சூரிய உறுப்புச் சேர்ந்தால் தெளிந்த வானம், மூன்றுக்கும் சீனவழி ஒலிப்பு 'ஸே' என்பதே. இத்தகைய குடும்பங்கள் பிடிபட்டதும், ஃபுரிகானா என்னும் ஒலிக்குறிப்புகளோடு அச்சாகும் சிறுவர் மாங்காக்களை, அதாவது ஜப்பானியப் படக்கதைகளை, படிக்கத் தொடங்குங்கள். கதையின் அடுத்த பக்கம் இழுக்கும் இழுப்பை எந்த அட்டவணையும் தராது. (ஜே.எல்.பி.டி. தேர்வில் கையால் எழுதும் பகுதி கிடையாது என்பதையும் கருத்தில் கொள்க.)

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எழுதிப் பழகும் நேரத்தை இனி வாசிப்புக்குத் தருகிறேன். புதிய அட்டைகளையும் இன்றே நிறுத்திவைக்கிறேன்.