காலனிநிலை நீங்கலா, குடியேற்ற நீக்கமா?

> 'டீகாலனைசேஷன்' என்பதற்குக் 'குடியேற்ற நீக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு? அது பிடிக்காதவர்கள் 'விடுதலை' என்றே எழுதலாம்.

நண்பர்களுக்கு வணக்கம்.

டீகாலனைசேஷன் என்பது ஒரு நிலம் வேறொரு நாட்டின் காலனியாக இருக்கும் நிலை முடிவுக்கு வருவது. அதற்கு மேலே ஒருவர் சொன்ன 'குடியேற்ற நீக்கம்', 'விடுதலை' இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

'குடியேற்றம்' என்றால் இன்று படிப்பவர் மனத்தில் வருவது, பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போவது. 'குடியேற்ற நீக்கம்' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தால், வந்து குடியேறியவர்களை வெளியேற்றிய கதை என்றுதான் நினைப்பார்கள். அல்ஜீரியாவுக்கு அது ஓரளவு ஒட்டும். அங்கே ஏறக்குறைய பத்து லட்சம் ஐரோப்பியர் இருந்தார்கள். எட்டு ஆண்டுப் போர் முடிந்து 1962இல் நாடு விடுதலை பெற்றபோது அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். ஆனால் இந்தியாவுக்கு எப்படி ஒட்டும்? பிரிட்டிஷ் அதிகாரிகளும் படைவீரர்களும் வணிகர்களும் வந்தார்கள், பணிக்காலம் முடிந்ததும் பெரும்பாலும் திரும்பிப் போனார்கள். காங்கோ 1885 முதல் 1908 வரை பெல்ஜிய அரசர் லியோபோல்டின் சொந்த உடைமைபோல இருந்த நிலம். ரப்பருக்காக மக்கள் வதைக்கப்பட்டதுதான் அதன் வரலாறு. அதைக் குடியேற்றம் என்ற சொல்லில் அடக்குவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

சரி, 'விடுதலை'? அழகான சொல், உணர்ச்சி உள்ள சொல். ஆனால் ஒரு காலனி முடிவுக்கு வரும் வழி தனிநாடு ஆவது மட்டும் இல்லை. ஐ.நா. பொதுச்சபை 1960 டிசம்பரில் நிறைவேற்றிய 1541ஆம் தீர்மானம் மூன்று வழிகளைச் சொல்கிறது: தனிநாடாவது, வேறொரு நாட்டோடு விரும்பிக் கூட்டுறவு வைத்துக்கொள்வது, வேறொரு நாட்டோடு இணைந்துவிடுவது. குக் தீவுகள் 1965இல் நியூசிலாந்தோடு இரண்டாவது வழியைத் தேர்ந்தன. பிரெஞ்சுக் காலனிகளாக இருந்த மார்ட்டினிக், குவாடலூப், ரீயூனியன் தீவுகள் அந்தத் தீர்மானத்துக்கு முன்பே, 1946இல், பிரான்சின் மாவட்டங்களாகவே ஆகிவிட்டன. இவற்றை விடுதலை என்று எழுத முடியாது.

நான் முன்வைக்கும் சொல் 'காலனிநிலை நீங்கல்'.

'காலனி' தமிழில் நன்றாக வேரூன்றிவிட்டது. அதை விரட்ட வேண்டியதில்லை. 'நிலை' எதற்கு என்றால், பெயர் போவதும் நிலை போவதும் வேறு வேறு. போர்ச்சுகல் 1951இல் தன் காலனிகளுக்குக் 'கடல்கடந்த மாகாணங்கள்' என்று பெயர் மாற்றியது. அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் அதனால் ஒன்றும் மாறவில்லை. மக்கள் ஆயுதம் ஏந்திப் போராடி, 1974இல் லிஸ்பனில் சர்வாதிகாரம் கவிழ்ந்து, 1975இல்தான் அந்த நிலை நீங்கியது.

அப்புறம், 'நீக்கம்' வேண்டாம், 'நீங்கல்' என்று ஏன் சொல்கிறேன்? நீக்கம் பிறவினை. நீக்கியவர் யார் என்ற கேள்வி உடனே எழும், அதற்கான பதில் நாட்டுக்கு நாடு மாறும். இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17இல் தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்தது. நெதர்லாந்து நான்கு ஆண்டுகள் எதிர்த்து நின்று 1949 டிசம்பரில்தான் இறைமையைக் கைமாற்றியது. நீக்கியவர் யார், ஜகார்த்தாவில் இருந்த இந்தோனேசியர்களா, ஹேக்கில் இருந்த நெதர்லாந்து அரசா? கனடாவிலோ ஒரு நாளைக் குறிப்பிடவே முடியாது: 1867இல் கூட்டாட்சி, 1931இல் சட்டமியற்றும் சுதந்திரம் தந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், 1982இல்தான் அரசியலமைப்பைத் தானே திருத்தும் உரிமை. 'நீங்கல்' தன்வினை என்பதால் போர், வாக்கெடுப்பு, படிப்படியான மாற்றம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும்.

ஆனால் இந்த ஒரு சொல் போதாது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1783இல் பெற்றதும் கானா 1957இல் பெற்றதும் ஒரே பொருளா? முதலாவதில் பிரிட்டனிலிருந்து பிரிந்தவர்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வந்து குடியேறியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். பூர்வகுடிகளின் நிலம் அதன் பிறகுதான் இன்னும் வேகமாகப் பறிபோனது. பிரேசிலில் 1822இல் பிரிவினையை அறிவித்தவர் போர்ச்சுகல் அரசரின் மகன் பெட்ரோ. அடிமைமுறை அங்கே 1888 வரை இருந்தது. இவற்றுக்குக் 'குடியேறித் தன்னாட்சி' என்று தனியாக ஒரு சொல் வைக்கச் சொல்கிறேன். ஆட்சி குடியேறியவர்கள் கைக்கு வந்தது என்பதை அது மறைக்காமல் சொல்லும்.

இதற்கு என்னிடம் உள்ள வலுவான சான்று ரொடீசியா, அதாவது இன்றைய ஜிம்பாப்வே. 1965 நவம்பரில் இயான் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஆட்சியில் பங்கு கொடுக்காமல் இருப்பதற்காகவே அந்த அறிவிப்பு. அதையும் 'விடுதலை' என்று எழுதுவோமா? 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே பிறந்ததே, அதுதான் காலனிநிலை நீங்கல். ஒரே நிலத்தில், பதினைந்து ஆண்டுகளுக்குள், இரண்டு நிகழ்வுகள். நம் சொற்கள் இவை இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் வரலாற்றைத் தப்பாகச் சொல்லிக்கொடுப்போம். தென்னாப்பிரிக்காவில் 1910இல் வெள்ளையர் கையில் ஆட்சியோடு உருவான ஒன்றியத்துக்கும் இதே அளவுகோல்தான்.

'காலனிநிலை நீங்கல் என்பதை 1945க்குப் பின்னர் நடந்ததற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு முந்தையதெல்லாம் குடியேறித் தன்னாட்சி' என்று யாராவது எளிதாக்கப் பார்க்கலாம். தயவுசெய்து வேண்டாம். ஹெய்ட்டி இருக்கிறது. பிரான்சின் செல்வம் கொழித்த சர்க்கரைக் காலனி அது. 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், நெப்போலியன் அனுப்பிய படையைத் தோற்கடித்தார்கள், 1804 ஜனவரி 1இல் நாட்டை அறிவித்தார்கள். அவர்கள் பூர்வகுடிகளும் அல்ல, விரும்பிக் குடியேறியவர்களும் அல்ல. சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, அங்கீகாரத்துக்கு விலையாக 15 கோடி பிராங்க் கேட்டது. 1838இல் அதை 9 கோடியாகக் குறைத்தது. இழந்த சொத்துக்கு ஈடு என்றார்கள். அந்தச் சொத்தில் அந்த மனிதர்களே அடக்கம். காலனிநிலை நீங்கல் என்ற தலைப்பில் முதல் எடுத்துக்காட்டாக ஹெய்ட்டியைத்தான் வைக்க வேண்டும் என்பேன்.

மெக்சிகோவில்தான் சிக்கல். 1810இல் ஹிடால்கோ பாதிரியாரின் பின்னால் திரண்டவர்கள் பூர்வகுடிகளும் கலப்பினத்தாரும். 1821இல் காரியத்தை முடித்தவரோ, அதுவரை ஸ்பெயின் அரசருக்காகப் போரிட்ட படைத்தலைவர் இத்துர்பிதே. தொடக்கத்துக்குக் 'காலனிநிலை நீங்கல்' என்றும் முடிவுக்குக் 'குடியேறித் தன்னாட்சி' என்றும் எழுதலாம் என்பது என் எண்ணம். லத்தீன் அமெரிக்க வரலாறு படித்தவர்கள் இதில் கருத்துச் சொன்னால் நல்லது.

அடைமொழியாக வரும்போது 'காலனிநிலை நீங்கிய நாடுகள்' என்று எழுதலாம். அட்டவணைத் தலைப்புக்கு நீளம் என்றால் 'காலனிநீங்கல்' என்று சுருக்குவதிலும் எனக்கு மறுப்பு இல்லை.